இரண்டு கையும் வலித்த டிரைவர்

எங்கள் பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி வீடியோ போட்டிருந்தான். புதிதாக வந்திருக்கும் கார். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார், வண்டி தானாகவே கோட்டுக்குள் போகிறது. கீழே, "தங்கராசு அண்ணா, இனிமேல் ஒரு பக்கமாக இழுக்கிற வண்டியே கிடையாது. நல்ல நேரத்தில் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தான். குழுவில் பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. வண்டி இழுப்பது நின்றுவிடவில்லை தம்பிகளா. இழுப்பதை வண்டியே உங்களுக்குத் தெரியாமல் சமாளிக்கிறது, அவ்வளவுதான். மெஷின் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். சக்கரம் நேராக இருக்கிறதா என்று அளக்கிற கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மெஷின் எங்கள் பட்டறைக்கு வந்த அன்று முதல் ஆளாகக் கற்பூரம் காட்டியவன் நான். நூல் கட்டி அளந்து கண் பூத்துப் போனவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் வண்டி ஒழுங்காகப் போகாவிட்டால் முதல் பழி ஓட்டுகிறவன் மேல் விழும். அது இன்றைக்கும் மாறவில்லை. குழுவில் "அப்படி என்னண்ணா நடந்தது, எழுதுங்களேன்" என்று சிலர் சீண்டினார்கள். எழுதுகிறேன். கசந்தால் துப்பிவிட்டுப் போங்கள்.

நான் மூலனூர்க்காரன். முருங்கைக்காய் லாரியில் ஏறித் திருப்பூர் வந்து, பல்லடம் ரோட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். கிரீஸ் அடித்தது, டயர் கழற்றியது, திட்டு வாங்கியது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது நாச்சிமுத்து அண்ணனைப் பற்றி. அவர்தான் எங்கள் ஃபோர்மேன். முதலாளி கல்லாவில் இருப்பார், பட்டறை நாச்சிமுத்து அண்ணன் கையில் இருந்தது.

அவருக்கு ஒரு குணம். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக "டேய் தங்கராசு" என்பார். தப்புச் செய்தால் "தங்கராசு, இங்க வாங்க" என்பார். பெரிய தப்பென்றால் "ஏனுங்க தங்கராசுங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா" என்பார். வேறு பட்டறைகளில் ஸ்பேனர் பறக்கும், எங்கள் பட்டறையில் 'ங்க' பறக்கும்.

இழுக்கிற வண்டி வந்தால் அவர் வண்டியைப் பார்க்க மாட்டார், டிரைவரிடம் போவார். "எந்தக் கைங்க வலிக்குது?" என்றுதான் முதல் கேள்வி. வண்டி இடப்பக்கம் இழுத்தால் அதை நேராக வைத்திருக்க ஒரு கை ஓயாமல் மல்லுக்கட்டும், டிரைவருக்கே தெரியாது, தோள் சொல்லிவிடும். அப்புறம் நான்கு டயரிலும் காற்றுப் பார்ப்பார், ஓடி வந்த சூட்டோடு இல்லை, ஆறிய பிறகு. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்வார். இழுப்பு அக்கட்டால், அதாவது மறுபக்கம், மாறினால் டயர்தான் குற்றவாளி. மாறாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு டிரையல் போவார். எங்கள் ரோடுகள் ஓரம் சரிந்திருக்கும், அந்தச் சரிவிலேயே எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் இறங்கும். அதனால் ஆளில்லாத ரோட்டில் நடுவிலும் ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வந்ததும் புறங்கையை நான்கு சக்கரத்துக்கும் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார்.

தோட்டம் காட்டோடு பனியன் கம்பெனியும் வைத்திருந்த ஒருவர், கார் இழுக்கிறது என்று நான்கு டயரும் புதிதாக மாற்றிவிட்டு எங்களிடம் வந்தார். அண்ணன் ஒரு சுற்றுப் போய்வந்து, புறங்கையை வைத்துவிட்டு, "இடது முன்சக்கரம் கொதிக்குதுங்க. பிரேக் புடிச்சது விடறதில்லீங்க. பழைய டயர் நல்லாத்தான் இருந்திருக்கும், யாருக்குக் குடுத்தீங்க?" என்றார். அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நாச்சிமுத்து அண்ணன் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மெக்கானிக். அவரை எதிர்த்து நான் நின்றது ஒரே ஒரு முறைதான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் வேன்கள் எங்களிடம்தான் வேலைக்கு வரும். தொழிலாளப் பெண்களைக் காலையில் ஏற்றி வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடும் வேன்கள். அதில் ஒன்றை ஒருநாள் காலை கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் பார்க்கிற சிவக்குமார் என்பவரே ஓட்டி வந்தார். பின்னால் பஸ்ஸில் வந்து இறங்கினார் வேனின் டிரைவர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மனைவியோடு பிழைக்க வந்தவர். தான் ஓட்டுகிற வேனுக்குப் பின்னால் டிரைவர் பஸ்ஸில் வந்ததைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது.

விஷயம் இதுதான். வேன் ரோட்டில் அலைகிறது, ஓரத்துக்குப் போகிறது, திடீரென்று நடுவுக்கு வருகிறது என்று வேனில் வரும் பெண்கள் புகார் சொன்னதாகச் சிவக்குமார் சொன்னார். வேறு பட்டறையில் அலைன்மென்ட் பார்த்தாயிற்று, முன் டயர் மாற்றியாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் சிவக்குமார் கம்பெனி வாசலில் வைத்து, ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, அந்தோணியைக் கீழே இறக்கி வாயை ஊதச் சொல்லியிருக்கிறார். வாடை இல்லை. இருந்தாலும் சாவியை வாங்கிவிட்டு வேறு டிரைவரை ஏற்றியிருக்கிறார். ஏனென்றால் அந்தோணி ஒரு காலத்தில் குடித்தவர். விட்டு வெகுநாளாகிவிட்டது. ஆனால் விட்டவனை நம்ப ஊரில் யார் இருக்கிறார்கள்?

நாச்சிமுத்து அண்ணன் வழக்கம்போல் கேட்டார். "எந்தக் கைங்க வலிக்குது?"

"ரெண்டும் வலிக்கி அண்ணாச்சி" என்றார் அந்தோணி.

அண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரையல் போனார். நானும் போனேன். வேன் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. மெஷினில் ஏற்றினோம், எல்லாம் அளவுக்குள் இருந்தது. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கை வலிச்சா வண்டி. ரெண்டு கையும் வலிச்சா அது பயம்டா தங்கராசு. குடிய விட்டவனுக்குக் கை உதறும், இறுக்கிப் புடிப்பான்" என்றார்.

எனக்கு அது இறங்கவில்லை. இரண்டு கையும் வலிக்கிறது என்றால் வண்டி இரண்டு பக்கமும் இழுக்கிறது என்று ஏன் இருக்கக் கூடாது? அந்தோணியிடம் போய், "எப்ப எந்தப் பக்கம் போகுதுங்க, நிதானமாச் சொல்லுங்க" என்றேன்.

"ஆக்சிலேட்டர மிதிச்சா இடது பக்கம் போவுது. பிரேக்கத் தொட்டா வலது பக்கம் வருது. ஆளு நெறைய இருக்கும்போதுதான் அண்ணாச்சி. காலி வண்டின்னா ஒண்ணும் செய்யாது. எத்தன தடவ சொல்லுதேன், யாரும் நம்ப மாட்டேங்காவ. எம் பொண்டாட்டியே ராத்திரி வாயை மோந்து பாக்கா." வளர்ந்த மனுசன் ஒருத்தன் பட்டறை நடுவில் நின்று இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே என்று இருந்தது எனக்கு.

முன்சக்கரம் வண்டியைத் திருப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்சக்கரம் இரண்டையும் இணைக்கிற ஆக்சில் தண்டு ஒரு பக்கம் மட்டும் இடம் நகர்ந்தால் பின்சக்கரமும் வண்டியைத் திருப்பும். மிதிக்கும்போது முன்னே, பிரேக் போடும்போது பின்னே என்று நகர்ந்தால், வண்டி ஒரு தரம் இடமும் ஒரு தரம் வலமும் போகும். பார்க்கிறவனுக்கு டிரைவர் போதையில் ஓட்டுகிற மாதிரியேதான் இருக்கும்.

வேனைக் குழி மேல் நிறுத்திக் கீழே இறங்கினேன். வண்டியைத் தாங்குகிற இடது பின் ஸ்பிரிங் பட்டை மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. மேலே ஏறி இடது பக்கம் தரை விரிப்பைத் தூக்கினேன். அடியில் கருநீலச் சாயக் கறை. இடது பக்கத்து சீட்டுகளின் போல்ட்டுகளைப் பார்த்தேன், அடிக்கடி கழற்றி மாட்டியதில் பளபளவென்று இருந்தன. வலது பக்கத்து போல்ட்டுகள் துருவேறி அப்படியே கிடந்தன.

திருப்பூரில் இருக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காலையில் பெண்களை இறக்கிவிட்ட வேன் சாயங்காலம் வரை சும்மா நிற்கும். சும்மா நிற்கிற எதையும் இந்த ஊருக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் சீட்டைக் கழற்றிவிட்டு, சாயப்பட்டறையிலிருந்து ஈரத்துணியை அள்ளிப் போட்டு, உலர்த்துகிற இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கதவு இடது பக்கம், அதனால் சுமையும் இடது பக்கமே. சாயத்தில் உப்பு மூட்டை மூட்டையாகப் போடுவார்கள், துணியிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் பட்டையை ஆக்சிலோடு கட்டியிருக்கும் போல்ட்டுகளைத் தின்றிருக்கிறது. ஆள் ஏற்ற பெர்மிட் வாங்கிய வண்டியில் துணி ஏற்றினால் ஆர்.டி.ஓ. பிடித்துக்கொள்வார். அதனால் வெளியே சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் வயிற்றுவலிக்குப் போய்விட்டுச் சாப்பிட்டதை மறைக்கிற மாதிரி, மெக்கானிக்கிடமும் மறைத்துவிட்டார்கள்.

"ஈரத்துணி ஏத்துனீங்களா?" என்று அந்தோணியைக் கேட்டேன். அவர் சிவக்குமார் நின்ற பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். அந்த மனுசனை அப்படி ஒரு மூலையில் நிறுத்தியிருந்தார்கள்.

நாச்சிமுத்து அண்ணன் இறங்கி வந்து, பட்டையைக் கட்டியிருந்த யூ போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. "டைட்டாத்தான்டா இருக்குது" என்றார்.

"நட்டு துருவுல புடிச்சிருக்குதுங்கண்ணா. ஆக்சிலப் புடிச்சிருக்குதான்னு யாருக்குத் தெரியும்? லோடு ஏத்திப் பாக்கணும்."

அதற்குள் சிவக்குமார் குழி ஓரத்துக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "எதுக்குங்க இத்தன செரமம்? ஓட்டிப் பாத்தீங்க, மெஷின்லயும் பாத்தீங்க. வண்டி மேல குத்தமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க. நாங்க ஆளை மாத்திக்கறோம். சாயங்காலம் ட்ரிப்பு இருக்குதுங்க."

நாச்சிமுத்து அண்ணன் துணியில் கையைத் துடைத்தார். அந்தக் கம்பெனியின் வண்டிகள் போய்விட்டால் எங்கள் பட்டறையில் பாதி இடம் காலி. அவர் தலை மெல்ல ஆட ஆரம்பித்ததைக் கீழேயிருந்து பார்த்தேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"நான் சொல்ல மாட்டனுங்க" என்றேன். "சாவி எம் பாக்கெட்டுல இருக்குது. லோடு ஏத்திப் பாக்காம குடுக்கறதில்லீங்க."

நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்து, "ஏனுங்க தங்கராசுங்க, சாவியைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்றார். அவ்வளவு மரியாதையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"வேணும்னா என்னை நிறுத்திப் போடுங்கண்ணா" என்றேன். "இந்த வண்டியில பொம்பளைங்க ஏறுவாங்க. நாளைக்கு இது லாரிக்கு முன்னால போய் விழுந்தா வேற எவனாவது டிரைவர் சாவான், அவனையும் குடிகாரன்னு சொல்லிருவாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். "லோடு ஏத்துங்க" என்றார்.

பக்கத்தில் பனியன் வேஸ்ட் கோடவுன். நாங்கள் கை துடைக்க வேஸ்ட் வாங்குகிற இடம்தான். மூட்டைகளைக் கேட்டு வாங்கி, வாட்டர் சர்வீஸ் பைப்பில் ஊற நனைத்து, இரண்டு பக்கமும் சீட்டுகள் மேல் அடுக்கினோம். அண்ணன் என் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பின் பட்டைக்கும் ஆக்சில் தாங்குகிற இடத்துக்கும் குறுக்கே ஒரே கோடாகப் போடச் சொன்னார். இரண்டு பக்கமும் போட்டேன். அதுதான் நாச்சிமுத்து அண்ணன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் சோதனையை அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

"யாரு ஓட்டறது?" என்றார்.

"சிவக்குமார் சாரே ஓட்டட்டுங்க" என்றேன். "நானோ அந்தோணியோ ஓட்டினா வேணும்னே ஆட்டறோம்பாங்க. சார் குடிக்கற ஆளும் இல்லீங்களே."

அவருக்கு மறுக்க வழியில்லை. பட்டறைக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடந்த இடத்தில் அகலமான தார் ரோடு ஒன்று உண்டு. அண்ணன் முன்னால் உட்கார்ந்தார், நானும் அந்தோணியும் மூட்டைகளுக்கு நடுவில். சிவக்குமார் வேகமெடுத்தார். வேன் இடப்பக்கம் சாய்ந்து போனது. பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடித்தார், பிரேக்கை மிதித்தார், வேன் வலப்பக்கம் பாய்ந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி இடது. ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, குச்சியோடு நடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங் சாமி, பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வண்டி ஓட்டறீங்களா? ஆடு நிக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? நல்ல குடும்பத்துப் புள்ளையாட்டம் இருக்கறீங்க, உங்களுக்கெல்லாம் எதுக்குங்க இந்தப் பொழப்பு?"

சிவக்குமாரின் வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை. அந்தோணி சிரிக்கவில்லை. "சார் குடிக்கலம்மா, வண்டியிலதான் கோளாறு" என்று அந்த அம்மாவிடம் சொன்னது அவர்தான். தனக்காக யாரும் சொல்லாத வார்த்தையை அவர் அந்த ஆளுக்காகச் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் அவர் மேல் கோபம்கூட வந்தது.

நாச்சிமுத்து அண்ணன் வேனுக்கடியில் படுத்தார். என்னையும் கூப்பிட்டார். வலது பக்கம் சாக்பீஸ் கோடு போட்டபடியே இருந்தது. இடது பக்கம் கோடு இரண்டு துண்டாகி, ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் நின்றது. பட்டறைக்கு மெதுவாகக் கொண்டுவந்து, யூ போல்ட்டைக் கேஸ் வைத்து அறுத்தோம். உள்ளே பட்டைகளைக் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் முறிந்து கிடந்தது. முறிந்த முகத்திலேயே துரு ஏறியிருந்தது, இன்று நேற்று முறிந்ததில்லை. இத்தனை நாள் அந்த வேனை ரோட்டில் வைத்திருந்தது போல்ட் இல்லை, அந்தோணி.

புது போல்ட்டுகள் போட்டு, பட்டையைக் கழுவிக் கட்டி, லோடோடு மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நேராகப் போனது. சிவக்குமார் சாவிக்குக் கை நீட்டினார். "நாளைக்கிருந்து அந்தோணியே ஓட்டட்டுங்க. இந்தத் துணி விவகாரம் மட்டும் வெளிய போக வேண்டாம்" என்றார்.

"நாளைக்கு எதுக்குங்க? இன்னைக்கே ஓட்டட்டும்" என்றேன். "அத்தன பேர் முன்னால வாயை ஊதச் சொன்னீங்கல்ல, அதே பேர் முன்னால வண்டியிலதான் பழுதுன்னு நீங்களே சொல்லணுங்க. அப்பத்தான் சாவி."

அந்தோணி என் கையைப் பிடித்தார். "வேண்டாம் அண்ணாச்சி, விட்டுருங்க. வேலை கெடச்சாப் போதும். வண்டியில வார பிள்ளைக எம்மேல புகார் சொல்லித்தான் இவ்வளவும். இனிமே அதுக மூஞ்சில எப்படி முழிக்கதுன்னே எனக்குத் தெரியல."

விடுவதாக இல்லை நான். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து கத்தினார். நாச்சிமுத்து அண்ணன் குறுக்கே வந்து, "அவன் சொல்றதுதான் மொறைங்க" என்று மட்டும் சொன்னார். சாயங்கால ட்ரிப்புக்கு வேன் வேண்டியிருந்தது, சிவக்குமார் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். அந்தக் கம்பெனி வண்டிகள் அந்த மாதத்தோடு வேறு பட்டறைக்குப் போய்விட்டன. போகட்டும். என்னை முதலாளி பல நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். முறைக்கட்டும். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் சாவியை அப்படித்தான் பாக்கெட்டில் போடுவேன்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் வேனை நிறுத்தினோம். டிரைவர் சீட்டில் அந்தோணி, முன்னால் பார்த்தபடியே இருந்தார். பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். சிவக்குமார் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கங்க. வண்டியிலதான் போல்ட்டு முறிஞ்சு பழுதாயிருந்துச்சு. சரி பண்ணியாச்சு. நீங்க புகார் சொன்னீங்களே, அந்த மாதிரி டிரைவர் மேல தப்பு ஒண்ணுமில்லீங்க."

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். டெய்லர் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க சார், டிரைவர் மேல தப்புன்னு நாங்க எப்பங்க சொன்னோம்? வண்டி ஆடுது, அண்ணன் பாவம் புடிச்சு நிறுத்தறதுக்குள்ள கை ஓஞ்சு போறாரு, வண்டியப் பாருங்கன்னுதான் சொன்னோம். மூணு தடவ வந்து சொன்னோமுங்க. அண்ணனைக் கீழ எறக்குனப்ப, எங்க புகாருக்குத்தான்னு எங்களுக்கே தெரியலீங்க."

சிவக்குமார் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். அந்தோணி ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார், சத்தமாக, வெட்கப்படாமல். ஷிப்ட் முடிந்து களைத்துப் போன பெண்கள், வீட்டுக்கு நேரமாகிறது என்று ஒருத்திகூடச் சொல்லாமல், அவர் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.